தட்டம்மையைக் கணக்கெடுத்த நகரம்: கிளாஸ்கோவின் மரணப் பதிவேடுகளிலிருந்து நாம் கற்க வேண்டியவை

2021 ஜூலையில் மாநிலங்களவையில் ஒரு கேள்வி எழுப்பப்பட்டது. கையால் மலம் அள்ளும் தொழிலால் கடந்த ஐந்து ஆண்டுகளில் எத்தனை பேர் இறந்தார்கள்? அப்படி ஒரு மரணம்கூடப் பதிவாகவில்லை என்று ஒன்றிய அரசு பதில் சொன்னது. சாக்கடையிலும் கழிவுத் தொட்டியிலும் இறங்கி மூச்சுத் திணறி இறந்தவர்கள் நூற்றுக்கணக்கில் உண்டு என்பதை அதே அரசின் வேறு பதில்கள் ஒப்புக்கொண்டன. இரண்டும் எப்படி ஒன்றாக இருக்க முடிந்தது? 'கையால் மலம் அள்ளுதல்' ஒரு வகை, 'சாக்கடையை அபாயகரமாகச் சுத்தம் செய்தல்' இன்னொரு வகை என்று பிரித்துவிட்டார்கள். பிணங்கள் ஒரு கட்டத்திலிருந்து இன்னொரு கட்டத்துக்கு மாற்றப்பட்டன. முதல் கட்டம் பூஜ்யமானது.

இது புதிய தந்திரம் என்று இளம் தோழர்கள் நினைத்துவிடக் கூடாது. மரணத்தை எந்தக் கட்டத்தில் எழுதுவது, யார் எழுதுவது, எழுதிய எண்ணை எதனால் வகுப்பது ஆகிய கேள்விகள் நூற்றைம்பது ஆண்டுகளாக அரசியல் கேள்விகளாகவே இருந்து வருகின்றன. இதைப் புரிந்துகொள்ள நாம் இந்த முறை நம் ஊரை விட்டுச் சற்று வெளியே போவோம். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தட்டம்மையால் இறந்த குழந்தைகளை எப்படிக் கணக்கெடுத்தார்கள் என்று பார்ப்போம். அங்கே சாதி இல்லை. ஆனால் யாருடைய குழந்தை சாகும் என்பதை வீட்டின் அளவு முன்கூட்டியே தீர்மானித்தது. அதை எண்களால் நிறுவிக் காட்டியவர்களும் இருந்தார்கள், அந்த எண்களை வீதிக்கும் நாடாளுமன்றத்துக்கும் எடுத்துப் போனவர்களும் இருந்தார்கள்.

எல்லோருக்கும் வரும் நோய்

தட்டம்மையை நம் ஊரில் மணல்வாரி என்றும் சொல்வார்கள். காய்ச்சல், இருமல், கண் சிவப்பு, பிறகு உடலெங்கும் மணலை வாரி இறைத்ததுபோலத் தடிப்பு. மனிதர்களிடையே பரவும் நோய்களில் மிக வேகமானவற்றுள் இது ஒன்று. தடிப்பு தோன்றுவதற்கு நான்கு நாட்கள் முன்பே குழந்தை நோயைப் பரப்பத் தொடங்கிவிடும். அப்போது அது வெறும் சளிக் காய்ச்சலாகவே தெரியும். ஒருமுறை வந்து பிழைத்தவர்களுக்கு வாழ்நாள் முழுதும் மீண்டும் வராது.

1846இல் பாரோ தீவுகளில் இது பரவியபோது பனும் என்ற டென்மார்க் மருத்துவர் வீடு வீடாகப் போய்க் குறிப்பெடுத்தார். 7,782 பேர் வாழ்ந்த தீவுகளில் 6,000க்கும் மேற்பட்டோருக்கு நோய் வந்தது. 1781இல் வந்த கொள்ளையில் பாதிக்கப்பட்டுப் பிழைத்திருந்த முதியவர்களுக்கு அது மீண்டும் வரவில்லை. அதாவது, தடுப்பூசி இல்லாத காலத்தில் ஏறக்குறைய எல்லா மனிதருக்கும் இது வந்தே தீரும்.

பெரிய நகரங்களில் இந்நோய் ஒழியவே ஒழியாது. தினமும் புதிய குழந்தைகள் பிறந்துகொண்டே இருப்பதால் அது பற்றிக்கொள்ள எப்போதும் ஆள் கிடைக்கும். ஒரு அலை அடித்து ஓய்ந்தபின், நோய் வராத குழந்தைகள் போதிய அளவு சேரும்வரை காத்திருந்து மறுபடி எழும். லண்டனில் இது ஏறத்தாழ இரண்டாண்டுக்கு ஒருமுறை நடப்பதை 1906இல் வில்லியம் ஹாமர் கணக்குப் போட்டு விளக்கினார். 1929இல் சோப்பர் என்பவர் கிளாஸ்கோவின் தட்டம்மை எண்களை வைத்தே அந்தக் கணக்கை இன்னும் விரித்தார். கொரோனா காலத்தில் தொலைக்காட்சியில் நாம் பார்த்த வளைகோடுகளின் முன்னோர்களில் இந்தக் கணக்குகளும் உண்டு.

நோய் எல்லோருக்கும் வந்தது என்பதை மனதில் இருத்திக்கொள்வோம். பணக்காரர் வீட்டுக் குழந்தைக்கும் வந்தது, கூலிக்காரர் வீட்டுக் குழந்தைக்கும் வந்தது. நோய் சமமாக வந்தும் சாவு ஏன் சமமாக வரவில்லை என்பதுதான் கேள்வி.

ஒற்றை அறையின் நகரம்

அன்றைய கிளாஸ்கோ பிரிட்டிஷ் பேரரசின் இரண்டாவது நகரம் என்று பெருமை பேசிய ஊர். அதன் பழைய செல்வம் அடிமைகள் உழைத்த புகையிலையிலும் சர்க்கரையிலும் வந்தது. பிறகு கப்பலும் இரும்பும் வந்தன. நம் நாட்டுத் தண்டவாளங்களில் ஓடிய நீராவி என்ஜின்கள் பல கிளாஸ்கோவின் ஸ்பிரிங்பர்ன் பகுதியில் வார்க்கப்பட்டவை. அந்த என்ஜின்களைச் செய்த தொழிலாளிகளும், பஞ்சத்தால் விரட்டப்பட்டு வந்த அயர்லாந்துக்காரர்களும், நிலத்திலிருந்து வெளியேற்றப்பட்ட ஸ்காட்லாந்து மலைநாட்டு மக்களும் கல்லால் கட்டிய அடுக்குக் குடியிருப்புகளில் அடைந்து கிடந்தார்கள். ஒரே மாடிப்படி, ஒரே பின்முற்றம், பல குடும்பங்களுக்கு ஒரே கழிப்பறை.

1880களில் நகர மக்களில் நால்வரில் ஒருவர் ஒற்றை அறை வீட்டில் வாழ்ந்தார். 45 விழுக்காட்டினர் இரண்டு அறை வீட்டில் வாழ்ந்தனர். 1911ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிலும் ஸ்காட்லாந்து மக்களில் ஏறத்தாழ பாதிப் பேர் ஒன்று அல்லது இரண்டு அறைகளில்தான் இருந்தார்கள். இங்கிலாந்தில் அப்படி வாழ்ந்தவர்கள் நூற்றுக்கு ஏழு பேர் மட்டுமே.

சிறிய வீடுகளின் கதவுகளில் நகராட்சி ஒரு தகரச் சீட்டை அடித்து வைத்தது. 1862ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வந்தது இது. வீட்டின் கன அடி எவ்வளவு, எத்தனை பேர் தூங்கலாம் என்று அதில் பொறித்திருக்கும். ஒரு பெரியவருக்கு 300 கன அடி, சிறு பிள்ளைக்கு அதில் பாதி. இப்படிச் சீட்டு அடிக்கப்பட்ட வீடுகள் 20,000க்கும் மேல். நள்ளிரவுக்கு மேல் ஆய்வாளர்கள் வந்து கதவைத் தட்டுவார்கள். சீட்டில் உள்ளதைவிட ஒரு ஆள் கூடுதலாக இருந்தால் அபராதம். விளக்கு வெளிச்சம் தெரிந்ததும் மனிதர்கள் அலமாரிக்குள்ளும் கட்டிலுக்கு அடியிலும் கூரைமேலும் ஒளிந்தார்கள். வாடகை ஏறும்போது கேட்காத அரசு, தூங்குகிறவர்களை எண்ண மட்டும் வந்தது.

இதை நாம் குறித்துக்கொள்ள வேண்டும். ஏழைகளை எண்ணுவது என்பது முதலில் அவர்களைக் கண்காணிக்கும் வேலையாகத்தான் தொடங்கியது.

வீடுகளை எண்ணினார்கள், நோயாளிகளை எண்ணவில்லை

மரணங்களைப் பொறுத்தவரை ஸ்காட்லாந்தில் 1855 முதல் கட்டாயப் பதிவு இருந்தது. காரணத்துக்கு மருத்துவர் சான்று தர வேண்டும். ஆகவே தட்டம்மையால் இறந்த குழந்தைகளின் எண்ணிக்கை ஓரளவு கிடைத்தது. ஆனால் எத்தனை பேருக்கு நோய் வந்தது என்பது கிடைக்கவில்லை.

1889இல் பிரிட்டனில் தொற்றுநோய் அறிவிப்புச் சட்டம் வந்தது. பெரியம்மை, காலரா, தொண்டை அடைப்பான், டைபாய்டு போன்ற நோய்கள் கண்டால் மருத்துவர் நகர சுகாதார அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். தனியார் நோயாளி ஒருவருக்கு அவருக்கு இரண்டரை ஷில்லிங் கட்டணம். அந்தப் பட்டியலில் தட்டம்மை இல்லை. இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மட்டும் ஆண்டுக்குச் சுமார் 10,000 பேரைக் கொன்ற நோய் அது.

ஏன் விட்டார்கள்? காரணங்கள் பல சொல்லப்பட்டன. தடிப்பு தோன்றுமுன்பே பரவிவிடுவதால் அறிவித்துப் பயனில்லை. நோயாளிகள் ஏராளம் என்பதால் கட்டணச் செலவு தாங்காது. அத்தனை குழந்தைகளைச் சேர்க்க மருத்துவமனைப் படுக்கை கிடையாது. ஏழைத் தாய்மார்கள் இதற்கு மருத்துவரை அழைப்பதே இல்லை. இவை முழுப் பொய்களும் அல்ல. ஆனால் எல்லாவற்றுக்கும் அடியில் ஓர் எண்ணம் கிடந்தது: இது குழந்தைகளுக்குச் சாதாரணமாக வரும் நோய், வந்துவிட்டுப் போகட்டும். அப்படிச் சொன்னவர்களின் வீடுகளில் அது பெரும்பாலும் வந்துவிட்டுத்தான் போனது.

எல்லா நகரங்களும் இப்படி விடவில்லை. அதே ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரம் 1883 முதல் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் தட்டம்மையையும் அறிவிக்க வேண்டிய நோயாக வைத்திருந்தது. அதனால் அங்கே நோயுற்றோர், இறந்தோர் இரண்டு எண்களும் கிடைத்தன. பிற ஊர்களில் சுகாதார அதிகாரிகளுக்குத் தகவல் தந்தவை பள்ளிக்கூடங்கள். கட்டாயக் கல்வி வந்தபின் ஐந்து வயதுப் பிள்ளைகள் ஒரே அறையில் உட்காரத் தொடங்கினார்கள். வராத பிள்ளைகளைத் தேடிப் போகும் வருகை அலுவலர்தான் எந்தத் தெருவில் தட்டம்மை என்று முதலில் அறிந்தவர். பள்ளியிலிருந்து நோயை வீட்டுக்குக் கொண்டுவந்த அண்ணனும் அக்காவும் பெரும்பாலும் பிழைத்தார்கள். வீட்டில் கிடந்த ஒரு வயதுத் தம்பி தங்கை செத்தார்கள்.

இறந்தோர் எண்ணிக்கையிலும் ஓட்டை உண்டு. தட்டம்மை நேரடியாகக் கொல்வது குறைவு. நோயால் தளர்ந்த உடம்பில் நுரையீரல் அழற்சி வரும், வயிற்றுப்போக்கு வரும். தடிப்பு மறைந்து இரண்டு வாரம் கழித்துக் குழந்தை இறந்தால் சான்றிதழில் மருத்துவர் என்ன எழுதுவார்? 'நுரையீரல் அழற்சி' என்று மட்டும் எழுதினால் தட்டம்மைக் கட்டத்தில் அந்தக் குழந்தை இல்லை. சாக்கடை மரணத்தை 'விஷவாயு விபத்து' என்று மட்டும் எழுதி முடிக்கும் முதல் தகவல் அறிக்கைகளைப் படித்தவர்களுக்கு இது புரியாமல் போகாது.

வகுக்கும் எண்

கிளாஸ்கோவின் சுகாதார அதிகாரியாக 1872 முதல் 1898 வரை இருந்தவர் ஜேம்ஸ் பர்ன் ரஸ்ஸல். அவர் செய்த ஒரு காரியம் எளிமையானது, ஆனால் அதற்கு முன் பெரிதாக யாரும் செய்யாதது. மரணங்களை வார்டுவாரியாகப் பிரித்ததோடு நிற்காமல், இறந்தவர் வாழ்ந்த வீட்டில் எத்தனை அறைகள் என்று பிரித்தார். 1888இல் 'ஒற்றை அறை வாழ்க்கை' என்ற தலைப்பில் அவர் ஆற்றிய உரையில் அந்த முடிவுகளைச் சொன்னார். ஐந்து வயதுக்குள் இறக்கும் கிளாஸ்கோ குழந்தைகளில் 32 விழுக்காடு ஒற்றை அறை வீட்டில் இறக்கின்றன. ஐந்தும் அதற்கு மேலும் அறைகள் கொண்ட வீடுகளில் இறப்பவை 2 விழுக்காடுகூட இல்லை. ஒற்றை அறையில் இறந்த குழந்தையின் உடலை எங்கே வைப்பது என்றும் அவர் பேசினார். வேறு அறை இல்லாததால் மேசை மேலோ அலமாரி மேலோ கிடத்துவார்கள். அதன் அருகிலேயே மற்றப் பிள்ளைகள் விளையாடும், சாப்பிடும், தூங்கும்.

அவருக்குப் பின் பொறுப்பேற்ற சால்மர்ஸ், 1901 கணக்கெடுப்பைக் கொண்டு இதைத் தொடர்ந்தார். ஒற்றை அறை வாசிகளின் இறப்பு வீதம், நான்கும் அதற்கு மேலும் அறை உள்ளவர்களின் வீதத்தைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு இருந்தது.

இந்தக் கணக்கு எப்படிச் சாத்தியமாயிற்று என்பதுதான் மாணவர்கள் கவனிக்க வேண்டிய இடம். இறந்தவர்களைப் பிரித்தால் மட்டும் வீதம் கிடைக்காது. 'ஒற்றை அறையில் 1,000 பேருக்கு இத்தனை சாவு' என்று சொல்ல வேண்டுமானால், ஒற்றை அறையில் மொத்தம் எத்தனை பேர் உயிரோடு வாழ்கிறார்கள் என்று தெரிய வேண்டும். அதுதான் வகுக்கும் எண். ஸ்காட்லாந்து மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 1861 முதலே வீட்டில் சன்னல் உள்ள அறைகள் எத்தனை என்ற கேள்வி இருந்தது. அந்த ஒரு கேள்வி இருந்ததால்தான் ரஸ்ஸலும் சால்மர்ஸும் வகுக்க முடிந்தது. இங்கிலாந்தில் அறைக் கேள்வி 1891இல்தான் வந்தது. கேள்வி இல்லாத இடத்தில் ஏற்றத்தாழ்வு கண்ணுக்குத் தெரியும், காகிதத்தில் தெரியாது.

சாதிவாரிக் கணக்கெடுப்பு ஏன் வேண்டும் என்று நம்மிடம் கேட்பவர்களுக்கு இதைவிடத் தெளிவான பதில் வேறில்லை. 1931க்குப் பிறகு எல்லாச் சாதிகளின் முழு எண்ணிக்கையும் நம்மிடம் இல்லை. பட்டியல் சாதி, பழங்குடி மக்களின் எண்ணிக்கை பத்தாண்டுக் கணக்கெடுப்பில் உண்டு. ஆனால் மரணப் பதிவுப் படிவத்தில் மதம் கேட்கப்படுகிறது, சாதி கேட்கப்படுவதில்லை. வகுக்கும் எண் கிடைத்தால் வகுபடும் எண் கிடைப்பதில்லை.

ஒற்றை அறையில் ஏன் செத்தார்கள்?

அன்றைய பெரிய மனிதர்களில் பலரிடம் இதற்குத் தயாரான விடை ஒன்று இருந்தது: தாய்மார்களின் அறியாமை. சுத்தம் இல்லை, குடி, சோம்பல், அயர்லாந்துக்காரர்களின் பழக்கம் என்று பட்டியல் நீண்டது. சேரி மக்களைப் பற்றி நம் ஊர்ப் பெரிய மனிதர்கள் பேசியதும் பேசுவதும் இதே அகராதியிலிருந்துதான்.

பிற்கால ஆய்வுகள் வேறு விடை தந்தன. 1928இல் ஹாலிடே என்பவர் கிளாஸ்கோவில் வீட்டு நிலைமைக்கும் தட்டம்மைக்கும் உள்ள உறவை ஆராய்ந்தார். நெரிசலான அடுக்குக் குடியிருப்புகளில் குழந்தைகள் படிக்கட்டிலும் பின்முற்றத்திலும் கலந்து பழகுவதால் நோய் மிகச் சிறு வயதிலேயே வந்துவிடுகிறது. வசதியான வீட்டுக் குழந்தைக்கு அது பள்ளிக்குப் போன பிறகு வருகிறது. இரண்டு வயதுக்குள் வரும் தட்டம்மை ஐந்து வயதுக்கு மேல் வருவதைவிடப் பல மடங்கு கொடியது. அப்படியென்றால் தோட்டமுள்ள வீடு குழந்தைக்கு நோயைத் தடுக்கவில்லை, நோயைத் தள்ளிப்போட்டது. அந்த நாலைந்து வருடம்தான் உயிர்.

இரண்டாவது காரணம் நெரிசலே. 1979 முதல் மேற்கு ஆப்பிரிக்காவின் கினி பிசாவில் பீட்டர் ஆபி செய்த ஆய்வுகள், வெளியில் நோய் வாங்கிவந்த முதல் குழந்தையைவிட, அதே வீட்டில் அதனிடமிருந்து நோய் பெற்ற அடுத்த குழந்தைகளே அதிகம் இறந்ததைக் காட்டின. ஒரே படுக்கையில் இரவு முழுதும் மூச்சோடு மூச்சாகக் கிடப்பதால் உடலுக்குள் போகும் கிருமியின் அளவு கூடுகிறது என்பது அவர் விளக்கம். ஒற்றை அறையில் நோயாளியைத் தனியே படுக்க வைப்பது எப்படி? எந்தச் சுத்தப் பாடமும் இல்லாத சுவரைக் கட்டித் தராது.

மூன்றாவது உணவு. 1932இல் எல்லிசன் என்ற மருத்துவர் லண்டனில் தட்டம்மையோடு வந்த 600 குழந்தைகளை இரண்டாகப் பிரித்தார். 300 பேருக்கு மீன் எண்ணெயிலிருந்து எடுத்த வைட்டமின் ஏ நிறைந்த சத்து கொடுத்தார். அவர்களில் 11 பேர் இறந்தனர். கொடுக்கப்படாத 300 பேரில் 26 பேர் இறந்தனர். பசியோடு கிடக்கும் உடம்பில் அதே கிருமி வேறு நோயாக மாறுகிறது. இன்று உலக சுகாதார நிறுவனம் தட்டம்மை கண்ட எல்லாக் குழந்தைகளுக்கும் வைட்டமின் ஏ கொடுக்கச் சொல்கிறது.

வயது, நெரிசல், பசி. மூன்றுமே வாடகையோடும் கூலியோடும் கட்டப்பட்டவை.

போர் வந்ததும் குழந்தை மதிப்பு பெற்றது

1916 ஜனவரி 1 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தட்டம்மை அறிவிக்க வேண்டிய நோயாயிற்று. நோயின் தன்மை மாறவில்லை, மருத்துவமும் மாறவில்லை. நடுவில் உலகப் போர் வந்திருந்தது. படை முகாம்களில் இளைஞர்களிடையே தட்டம்மை பரவியது. போர்க்களத்தில் ஆட்கள் செத்துக்கொண்டிருந்தபோது தொட்டிலில் கிடந்தவை நாளைய படையாகத் தெரிந்தன. அப்போதும் முழுக் கணக்கு கேட்கவில்லை. ஒரு வீட்டில் முதல் நோயாளியை மருத்துவர் தெரிவித்தால் போதும், இரண்டு மாதத்துக்குள் அதே வீட்டில் வரும் மற்றவர்களுக்குத் தேவையில்லை. எந்தக் குழந்தைகள் அதிகம் சாகும் என்று நாம் மேலே பார்த்தோமோ, அந்த இரண்டாவது, மூன்றாவது குழந்தைகளே கணக்குக்கு வெளியே நின்றார்கள். போர் முடிந்த அடுத்த ஆண்டின் இறுதியில் இந்த விதியும் விலக்கப்பட்டது. மறுபடி நாடு முழுதும் தட்டம்மை எண்ணப்பட்டது 1940இல், இன்னொரு போரின் நடுவே.

எண்ணைக் கையிலெடுத்த மக்கள்

ரஸ்ஸல் நல்ல மனிதர், சால்மர்ஸ் நேர்மையான அதிகாரி. ஆனால் அறைவாரி இறப்பு வீதம் வெளிவந்ததால் மட்டும் ஒரு சுவரும் இடியவில்லை. 1888 உரைக்குப் பிறகு கால் நூற்றாண்டு கழித்தும் ஒற்றை அறைகள் அப்படியே இருந்தன. அசைத்தது மக்கள் போராட்டம்.

1915இல் போர்த் தொழிற்சாலைகளுக்கு ஆட்கள் குவிந்ததைப் பயன்படுத்தி கிளாஸ்கோவின் வீட்டு உரிமையாளர்கள் வாடகையை ஏற்றினார்கள். கோவன் பகுதியில் மேரி பார்பர் என்ற தொழிலாளர் குடும்பப் பெண்ணின் தலைமையில் பெண்கள் வாடகை தர மறுத்தார்கள். வெளியேற்ற வந்த அலுவலர்களைப் படிக்கட்டிலேயே மறித்தார்கள். அவர்கள்மேல் போடப்பட்ட வழக்கு நவம்பர் 17 அன்று நீதிமன்றத்துக்கு வந்தபோது ஆயிரக்கணக்கில் ஊர்வலம் போனார்கள், கப்பல் தொழிலாளர்களும் சேர்ந்தார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் வாடகையைப் போருக்கு முந்தைய அளவில் நிறுத்தும் சட்டம் வந்தது. இரவில் தகரச் சீட்டைக் காட்டி எண்ணப்பட்ட அதே பெண்கள்தான் இவர்கள்.

1917இல் ஸ்காட்லாந்து வீட்டுவசதிக்கான அரச ஆணையம் அறிக்கை தந்தது. ஒற்றை அறை, இரட்டை அறைப் புள்ளிவிவரங்கள் இப்போது அரசின் வாயிலிருந்தே வந்தன. 1919இல் நகராட்சிகள் வீடு கட்ட அரசு மானியம் தரும் சட்டம் வந்தது. 1924இல், சுரங்கத் தொழிலாளியாக வாழ்க்கையைத் தொடங்கிய கிளாஸ்கோ ஐரிஷ்காரர் ஜான் வீட்லி சுகாதார அமைச்சராகி இன்னொரு சட்டம் கொண்டுவந்தார். அதன்கீழ் பத்தாண்டுக்குள் சுமார் 5 லட்சம் பொது வீடுகள் எழுந்தன.

இடையில் 1923 ஜூன் 27. சிக்கனத்தின் பெயரால் ஸ்காட்லாந்தின் குழந்தைகள் நலச் செலவுகளை அரசு வெட்டியிருந்தது. கிளாஸ்கோவின் உறுப்பினர் ஜேம்ஸ் மாக்ஸ்டன் நாடாளுமன்றத்தில் எழுந்து இந்த வெட்டைக் கொலை என்றும், அதற்கு ஆதரவாக நின்றவர்களைக் கொலையாளிகள் என்றும் சொன்னார். திரும்பப் பெறச் சொன்னபோது மறுத்தார். வீட்லியும் இன்னும் இருவரும் அவரோடு நின்றார்கள். நால்வரும் அவையிலிருந்து நீக்கிவைக்கப்பட்டார்கள். ஒரு குழந்தையின் தட்டம்மைச் சாவை விதியென்று சொல்லாமல், அதற்குக் கையெழுத்துப் போட்டவர் உண்டு என்று சொன்ன குரல் அது. அந்தத் துணிவுக்குப் பின்னால் அறைவாரியாகப் பிரித்த நாற்பது ஆண்டுக் கணக்கு இருந்தது.

பிரிட்டனில் தட்டம்மைத் தடுப்பூசி பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது 1968இல். அதற்கு முன்பே தட்டம்மைச் சாவுகள் பெருமளவு குறைந்துவிட்டிருந்தன. வீடு, உணவு, சிறு குடும்பம், பிற்காலத்தில் நுரையீரல் அழற்சிக்கான மருந்துகள் எல்லாம் அதில் பங்கு வகித்தன. இதை வைத்துத் தடுப்பூசி தேவையில்லை என்று யாராவது சொன்னால் தோழர்கள் ஏமாறக் கூடாது. வீடும் கிடைக்காத, உணவும் கிடைக்காத நம் குழந்தைகளுக்கு ஊசிதான் முதல் கவசம். 2017இல் தமிழ்நாட்டில் தட்டம்மை, ரூபெல்லா ஊசி போட்டபோது வாட்ஸ்அப்பில் பரவிய வதந்தியால் பின்வாங்கிய பெற்றோர்களை நாம் பார்த்தோம். அந்த வதந்திக்கு விலை கொடுப்பது குடிசைக் குழந்தைதான்.

நம் பதிவேடுகளில் என்ன இருந்தது?

கிளாஸ்கோவில் அறைகளை எண்ணிய அதே ஆண்டுகளில், அதே பேரரசின் கீழ் இருந்த இந்தியாவில் இறப்புப் பதிவின் முக்கியக் கட்டங்கள் இவை: காலரா, பெரியம்மை, பிளேக், காய்ச்சல், வயிற்று நோய்கள், சுவாச நோய்கள், காயங்கள், மற்றவை. கிராமத்தில் காரணத்தைச் சொல்பவர் மருத்துவர் கிடையாது, பதிவை எழுதுபவர் கிராம அதிகாரி. தட்டம்மையில் இறந்த சேரிக் குழந்தை ஒன்று, அதன் சாவு பதிவாகியிருந்தாலும், 'காய்ச்சல்' என்ற பெரிய கிணற்றுக்குள் விழுந்துவிடும். ராணுவத்தையும் வணிகத்தையும் பாதிக்கும் நோய்களுக்குத் தனிக் கட்டம் இருந்தது.

இன்றும் நிலைமை முழுதாக மாறிவிடவில்லை. 2020இல் இந்தியாவில் பதிவான மரணங்களில் மருத்துவர் காரணம் சான்றளித்தவை ஐந்தில் ஒரு பங்கைச் சற்றே தாண்டின. குழந்தை இறப்பைச் சாதிவாரியாக அறிய நமக்கு மாதிரி ஆய்வுகளே துணை. 2015-16 தேசியக் குடும்பநல ஆய்வின்படி 1,000 பிறப்புகளுக்கு ஒரு வயதுக்குள் இறந்தவை பட்டியல் சாதியினரிடையே 45, 'பிறர்' என்ற பிரிவில் 32. இந்த 13 குழந்தைகள் எந்தக் கிருமியால் இறந்தார்கள் என்று மட்டும் கேட்பது ரஸ்ஸலுக்கு முந்தைய கேள்வி.

2022 இறுதியில் மும்பையில் தட்டம்மை பரவிப் பத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தன. நோய் முதலில் வெடித்ததும் கடுமையாகத் தாக்கியதும் கோவண்டியில். தியோனார் குப்பை மேட்டை ஒட்டி, இஸ்லாமியரும் தலித்துகளும் நெருக்கியடித்து வாழும் வார்டு அது. கொரோனா காலத்தில் ஊசி தவறிய குழந்தைகள், சத்துக்குறைவு, பத்துக்குப் பத்து அறை. ரஸ்ஸல் எழுந்து வந்தால் அவருக்குப் புதிதாக விளக்க வேண்டியது அதிகம் இருக்காது.

ஒரு வேறுபாட்டை மட்டும் நாம் மறக்கக் கூடாது. கிளாஸ்கோ தொழிலாளி பொது வீட்டுக்குக் குடிபெயர்ந்தபோது தகரச் சீட்டைப் பழைய கதவிலேயே விட்டுவிட்டுப் போக முடிந்தது. நம் மக்கள் சேரியை விட்டு நகரத்துக்கு வந்தாலும், வீடு கேட்கும் இடத்தில் சாதியைக் கேட்கிறார்கள். ஆகவே வீட்டுக் கணக்கு மட்டும் நமக்குப் போதாது, சாதிக் கணக்கும் சேர்ந்தே வேண்டும்.

தோழர்கள் செய்யக்கூடியது

எந்தப் புள்ளிவிவரம் கையில் வந்தாலும் நான்கு கேள்விகளைக் கேட்டுப் பழகுவோம். யார் எண்ணினார்கள்? எந்த வகைக்குள் எழுதினார்கள், எதை அந்த வகைக்கு வெளியே தள்ளினார்கள்? எதனால் வகுத்தார்கள்? எப்படிப் பிரித்தார்கள், எப்படிப் பிரிக்க மறுத்தார்கள்?

பிறகு நம் பகுதியிலிருந்தே தொடங்கலாம். உங்கள் வார்டில் கடந்த ஆண்டு இறந்த ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் எத்தனை, காரணம் என்ன எழுதப்பட்டது, எந்தத் தெரு என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். இறந்த குழந்தைகளின் பெயர்களோ வீடுகளோ வெளிவராமல் தெருவாரி எண்ணிக்கையை மட்டும் எடுக்கலாம். அங்கன்வாடி ஊழியர்களிடமும் கிராம செவிலியர்களிடமும் பேசினால் பதிவேட்டில் இல்லாதவையும் தெரியவரும். சாக்கடை மரணங்களில் முதல் தகவல் அறிக்கை எந்தப் பிரிவில் போடப்பட்டது, 2013ஆம் ஆண்டுத் தடைச் சட்டம் சேர்க்கப்பட்டதா என்று பார்க்கலாம். உச்ச நீதிமன்றம் 2014இல் 10 லட்சமும், 2023இல் 30 லட்சமும் இழப்பீடாக விதித்தது. அந்தத் தொகை ஒரு குடும்பத்துக்குக் கிடைப்பதும் கிடைக்காமல் போவதும் அந்த முதல் காகிதத்தில் எழுதப்படும் ஒரு வரியைப் பொறுத்தது.

இரவில் வந்து நம்மை எண்ணிப் போகிறவர்கள் எப்போதும் இருப்பார்கள். கிளாஸ்கோவின் பெண்கள் அந்த எண்களைத் தங்கள் பக்கம் திருப்ப இருபத்தேழு ஆண்டுகள் ஆயின. நம்மிடம் அவ்வளவு காலம் இல்லை. அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொருவரும் தம் பகுதியின் ஒரு பதிவேட்டுப் பக்கத்தையாவது படித்துவிட்டு வருவோம்.